ஊரபிமானம்

மதுரைவாசி ஒருவரிடம், உமது ஊரில் உமக்குப் பிரியமானது யாது என்று கேட்டால் அவர் யோசித்து நிற்பதில்லை. சித்திரைத் திருவிழா என்பார். அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலை என்பார். மாசி வீதி, தெப்பக்குளத்து மாலைக் காற்று, குண்டுமல்லி, ஜிகர்தண்டா என்று அடுக்கிக்கொண்டே போவார். இந்த ஜாபிதாவில் ஒரு விசேஷமுண்டு. அவர் தம் சொந்த வீட்டைச் சொல்வதில்லை; தம் நிலத்தையும் கடையையும் சொல்வதில்லை. பத்திரம் எழுதித் தம் பெயரில் பதிவு செய்துகொண்ட எதையும் சொல்வதில்லை. அவர் பிரியத்தோடு பேசும் பொருள்களிற் பெரும்பாலானவை ஒருவருக்கும் தனிச் சொந்தமில்லாத பொதுப் பொருள்கள். ஊரபிமானம் என்பதன் சாரம் இதுவே என்பது நமது அபிப்பிராயம். அந்தப் பொதுப் பொருள்களை நாம் எந்த நிலையில் வைத்திருக்கிறோம் என்பதைக் கேட்கவே இன்று எழுதுகிறோம்.

மதுரையின் பெருமை அதன் பழமையில் இருக்கிறது என்று சொல்வோர் பலர். வாஸ்தவமே. ஆயினும் ஜனங்கள் நேசிப்பவற்றில் எவ்வளவு வெளியிலிருந்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஜிகர்தண்டா என்ற பெயரே தமிழன்று. 2005-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற சுங்குடிச் சேலை, வடக்கிலிருந்து வந்து குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைத்திறன். சித்திரைத் தேர் இன்று ஓடுவது சித்திரை வீதியிலன்று, மாசி வீதியில். அழகர் முற்காலத்தில் தேனூரில் ஆற்றில் இறங்கினார் என்றும், திருமலை நாயக்கரே அவ்வைபவத்தை மதுரைக்கு மாற்றினார் என்றும் வழக்கு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது, வேலை செய்ய முன்வந்தவர்களுக்கு அந்த நிலத்தையே கொடுத்தார். அங்ஙனம் உண்டானவையே வெளி வீதிகள். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அவ்வேலையை நடத்தியவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே, இந்த ஊர் கைபடாமல் அப்படியே நமக்கு வந்து சேர்ந்த புதையலன்று. ஒவ்வொரு தலைமுறையும் கை வைத்து வேலை செய்த ஊர்.

பொது என்ற சொல்லும் இங்கே இனாமாகக் கிடைத்ததன்று. மீனாக்ஷியம்மன் கோவிலே மதுரையின் உயிர் என்று எல்லோரும் பேசிவந்த காலத்திலேயே, ஊர் ஜனங்களில் ஒரு பகுதியாருக்கு அதன் வாயில் அடைபட்டிருந்தது. 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி ஸ்ரீ அ. வைத்தியநாதய்யர், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட ஐவரையும் நாடார் வகுப்பினர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே சென்றார். பி. கக்கன் அவர்களும் அந்தக் கோஷ்டியில் இருந்தார். அதற்கு முன் அக்கோவிலில் நுழைய மறுத்திருந்த காந்தியடிகள் 1946-ல் வந்து தரிசித்தார். 1939-க்கு முன்னும் மதுரையில் ஊரபிமானத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது ஊரில் ஒரு பாதியைக் கணக்கில் எடாத அபிமானம்.

இன்று கணக்கில் எடாமல் விடப்பட்டது எது? வைகை என்று தயங்காமல் சொல்வோம்.

2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களிலும் கொள்ளைநோயின் காரணமாக அழகர் மதுரைக்கு வரவில்லை. எதிர்சேவையில்லாத சித்திரையை இந்த ஊர் எவ்வளவு ஏக்கத்தோடு கழித்தது என்பதைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். 2022 ஏப்ரலில் அவர் மீண்டும் வந்தபோது திரண்ட ஜனசமுத்திரத்தின் நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். உயிரையே பணயம் வைக்கும் இந்த அன்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஜனங்கள் எந்த ஆற்றைக் காண வருகிறார்களோ, அந்த ஆற்றில் அன்றைக்கு ஓடும் நீர் வைகை அணையிலிருந்து அதற்கென்றே திறந்துவிடப்படும் நீர். அணையில் நீர் குறைந்த வருஷங்களில் ஆற்றுக்குள் தொட்டி அமைத்து நீர் நிரப்பியதும் உண்டு. திருவிழா முடிந்து மதகை அடைத்தபின், கோடையில் நகரத்தின் நடுவே ஆற்றில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் சாக்கடை நீரும் ஆகாயத்தாமரையுமே. சுவாமி இறங்கிய அதே மணலில் மறு மாதம் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோம்.

மழை பொய்த்தது என்று சிலர் சமாதானம் சொல்வர். மழை பொய்த்தால் ஆறு வற்றும். சாக்கடை வந்து சேராது. ஊர் பெருத்துவிட்டது என்பர் வேறு சிலர். ஊர் பெருத்தபோது நாம் செய்தது யாது? கண்மாய்களின் மேல் கட்டடம் எழுப்பினோம். 2004-ல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையே உலகநேரிக் கண்மாய் இருந்த இடத்தில் நிற்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் அங்கேதான் விசாரிக்கப்படுகின்றன என்பதைச் சொல்லி மேலே செல்கிறோம். கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் உறைகிணறுகளும், நீர் செல்லும் சுடுமண் குழாய்களும் வெளிப்பட்டபோது நம்மவர்க்குண்டான பெருமிதம் நியாயமானதே. மண்ணுக்குள்ளிருந்து எடுத்த குழாயைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் கும்பிடுகிறோம். தெருவிலிருக்கும் குழாய் எங்கே போய்த் திறக்கிறது என்று கேட்பாரில்லை.

காரியம் அசாத்தியமானதன்று என்பதற்குத் தெப்பக்குளமே சாக்ஷி. 1645-ம் வருஷத்தில் திருமலை நாயக்கர் வெட்டுவித்த அக்குளம் வெகுகாலம் வறண்டு கிடந்தது. தைப்பூசத்தன்று நீரில்லாத குளத்தில் தெப்பம் அசையாமல் நின்றது. அதற்கு நிலைத்தெப்பம் என்று ஒரு பெயரும் வைத்தோம். மற்ற நாட்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஆற்றிலிருந்து குளத்துக்கு வரும் பனையூர்க் கால்வாயைத் துப்புரவு செய்து வைகை நீரைக் கொண்டுவந்த பின்னர், சமீப வருஷங்களில் குளம் நிறைந்தது, தெப்பம் மிதந்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகளிலும் நீர் ஏறிற்று. புதிதாக யாதும் கண்டுபிடிக்கவில்லை. அடைபட்டிருந்த ஒரு கால்வாயைத் திறந்தார்கள், அவ்வளவே.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. வைகை மதுரையோடு முடியவில்லை. வழியெங்கும் கண்மாய்களுக்குத் தன்னைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டு, ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரையில் போகிறது. அதே சித்திரைப் பௌர்ணமியில் மானாமதுரையில் வீரழகர் ஆற்றில் இறங்குகிறார். பரமக்குடியில் சுந்தரராஜப் பெருமாள் கள்ளழகர் கோலத்தில் இறங்குகிறார். அவ்வூராரும் தம் ஊரில் பிரியமானது யாதென்று கேட்டால் நாம் சொல்லும் பதிலையே சொல்வார்கள். ஆற்று மணலில் கிணறு இறக்கிக் குடிநீர் எடுக்கும் கிராமங்கள் அந்த வழியில் பல. நமது தெருக்களின் கழிவைச் சுமந்துகொண்டு ஆறு அவர்களிடம் போகிறது. நம் ஊர் எல்லைக் கல்லோடு நின்றுவிடும் அபிமானத்துக்கு அவர்கள் என்ன பெயர் வைப்பார்கள்? கீழ்மடைக்காரன் வாயில் மேல்மடைக்காரன் நல்ல பெயர் வாங்கிய கதையை நாம் கேட்டதில்லை.

அரசாங்கத்துக்கு மனு எழுதுவதோடு இது தீராது. கோடிக்கணக்கில் செலவிட்டு இரு கரையிலும் தடுப்புச் சுவரும் சாலையும் போட்டார்கள். கரை அழகாயிற்று, நீர் மாறவில்லை. கழிவு எந்தத் தெருவில் புறப்படுகிறது என்பதை அந்தத் தெருவிலுள்ளவர்களே அறிவர். அவர்கள் பேசுவதற்கு இப்போது சட்டபூர்வமான ஓர் இடமும் இருக்கிறது. 2022-ல் வகுத்த விதிகளின்படி நகரங்களில் வார்டு கமிட்டிகளும் பகுதி சபைகளும் ஏற்பட்டு, அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி, உள்ளாட்சி தினத்தன்று சபைகள் கூடின. தேர்தல் காலத்தில் வீட்டுக்கு வீடு ஏறி இறங்கும் நமது அரசியல் நண்பர்களில் எத்தனை பேர் அந்தச் சபையில் போய் உட்கார்ந்தார்கள்? தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்ற முறையீடுகள் வரட்டும், அவையும் வேண்டியவையே. அவற்றோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறோம்.

மதுரை மாநகராட்சியில் வார்டுகள் நூறு. ஆற்றங்கரையை ஒட்டிய ஒவ்வொரு வார்டிலும் சாக்கடை எத்தனை இடத்தில் ஆற்றில் விழுகிறது, அவை எந்தெந்தத் தெருவிலிருந்து வருகின்றன, அடுத்த சித்திரைக்குள் அவற்றில் எத்தனை அடைபடும் என்று அந்தச் சபையில் எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமாகவே பதில் வாங்கட்டும். வாங்கிய பதிலை நமது பத்திரிகைக்கு அனுப்பினால் பிரசுரிப்போம். மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பிவைக்கட்டும்.