குடும்ப அறைக்கு வெளியே ஒரு மேசை

அண்மைக் காலமாக நம் இலக்கியச் சூழலில் ஓர் ஒப்பாரி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. வீட்டடுப்பு அணைந்துவிட்டதாம். கணவனும் மனைவியும் தெருமுனை ஓட்டலில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்புவது நுகர்வுப் பண்பாட்டின் வெற்றியாம். அம்மாவின் கைமணம் அழிந்ததற்குச் சாட்சியாம். இப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்தக் கைமணத்துக்காகத் தாம் ஒரு வெங்காயமாவது உரித்ததுண்டா என்று அவர்கள் எங்கும் எழுதக் காணோம்.

கைமணத்துக்குக் கணக்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதில் கழிக்கிறாள். ஆண், 97 நிமிடங்களை. அந்த 97உம் வீட்டுவேலை செய்கிற ஆண்களுக்கு மட்டும் எடுத்த சராசரி. பெரும்பான்மை ஆண்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை.

தொரப்பள்ளியிலிருந்து பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஓசூரை ஒட்டிய சிற்றூர். ராஜாஜி 1878இல் பிறந்த வீடு இங்கே நினைவில்லமாக நிற்கிறது. 1970களில் ஓசூருக்குச் சிப்காட் வந்தது, 1980இல் அசோக் லேலண்ட் வந்தது, பின்னர் டைட்டன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கிய மண்ணில் இன்று இந்தியும் சேர்ந்துகொண்டது. ஒற்றை அறை வாடகை வீடுகளில் அவனுக்கு முதல் ஷிப்ட், அவளுக்கு இரண்டாம் ஷிப்ட். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்து எதிரெதிரே உட்காருவது வாரத்தில் ஒரு மாலை வாய்த்தால் பெரிது. அந்த மாலையிலும் அவள் அடுப்பின் முன்னே நிற்க வேண்டும் என்பதுதானே உங்கள் கவலையின் சாரம்?

அவர்கள் போகிற கடை நட்சத்திர விடுதியல்ல. ஐந்தாறு மேசைகள், வாசலில் பரோட்டாக் கல், மார்கழிக் குளிருக்கு அந்தக் கல்லின் சூடே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். ஆளுக்கு இரண்டு பரோட்டா, பொதுவில் ஓர் ஆம்லெட். "சால்னா இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணா" என்கிறாள் அவள். வீட்டில் எல்லோருக்கும் ஊற்றிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடப் பழகிய கை அது. இன்னும் கொஞ்சம் என்று கேட்க அதற்கு ஓட்டல்தான் கற்றுக்கொடுத்தது.

அந்தக் கல்லின் முன் வேகிறவனுக்கும் பின்கட்டில் தட்டுக் கழுவுகிறவளுக்கும் வார விடுப்பு உண்டா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. கேளுங்கள்; நாமும் சேர்ந்து கேட்கிறோம். அங்கே கூலி என்று ஒன்று உண்டு, சண்டையிட முதலாளி என்று ஒருவர் உண்டு. வீட்டடுப்பின் முன் நிற்பவள் யாரோடு சண்டையிடுவாள்?

அடுப்படியைப் புனிதப்படுத்தும் எழுத்தில் நமக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. யார் உள்ளே வரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று சாதி மிகக் கறாராகப் பார்ப்பது வீட்டுச் சமையற்கட்டில்தான். பொது உணவகமும் எளிதில் பொதுவாகிவிடவில்லை. ரயில்நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்க்குத் தனியிடம் என்ற ஏற்பாடு 1941இல்தான் கைவிடப்பட்டது. உணவகத்துக்குள் நுழையச் சாதியோ பாலோ தடையாகாது என்று 1950இல் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும், 1957இல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கப் பெரியார் போராட வேண்டியிருந்தது.

சாதிப் பலகை இறங்கிற்று. 'குடும்ப அறை' என்ற பலகை இன்னும் இறங்கவில்லை. ஒட்டுப்பலகைத் தடுப்பு, அழுக்குத் திரைச்சீலை, சுற்றாத மின்விசிறி. பெண் என்று ஒருத்தி நுழைந்தாலே கை தானாக அந்தப் பக்கம் காட்டும். அவளோடு வந்தவன் கணவனா என்று பரிமாறுகிறவரின் கண் அவள் கழுத்திலும் கால்விரலிலும் தேடும். அப்படித் தேடும் கண், இந்த வட்டாரத்தில் வெறும் அநாகரிகம் மட்டுமல்ல.

2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில், வயதுவந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் ஒப்புதலோ ஊரின் ஒப்புதலோ வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஓசூருக்கு அருகிலுள்ள ஒரே கிராமத்தைச் சேர்ந்த இருவர் சாதி மறுத்து மணந்து ஓசூரில் குடியிருந்தார்கள். நவம்பரில் கடத்தப்பட்டார்கள். உடல்கள் எல்லைக்கு அப்பால், கர்நாடகக் காவிரியில் கிடைத்தன. மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. இருவர் பலர் பார்க்க ஒரு மேசையில் உட்கார்ந்து, ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிடுவதற்கு இங்கே என்ன விலை என்பது தெரிந்தபின்னும் அதை 'நுகர்வு' என்று எழுதப் பேனா வருமானால், அந்தப் பேனாவோடு நமக்குப் பேச்சில்லை.

தொரப்பள்ளிக்காரரின் வீட்டிலும் இப்படியொரு காதல் உண்டு. ராஜாஜியின் மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாஸும் விரும்பினார்கள். சாதி வேறு, மொழி வேறு. இரு தந்தையரும் ஐந்தாண்டுகள் பிரிந்து காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தார்கள், 1933இல் பூனாவில் மணம் முடிந்தது. அந்த ஐந்தாண்டை இலட்சியக் காதல் என்று மெச்சுகிறவர்கள் உண்டு. நமக்கு அதுவும் கசக்கிறது. ஆனால் அங்கே காத்திருக்கச் சொன்னவர்கள், காத்திருந்து முடித்ததும் மணமேடைக்கு வந்தார்கள்.

உணவக உரிமையாளர்களுக்கு ஒன்று சொல்கிறோம். அந்த ஒட்டுப்பலகையைக் கழற்றுங்கள். தடுப்புக்குள் உட்கார விரும்புகிறவர் கேட்டால் கொடுங்கள், கேட்காதவளைத் தள்ளாதீர்கள். சன்னலோர மேசை, சுற்றுகிற விசிறி, சாலை தெரிகிற இடம் அவளுக்கும் வேண்டும். வந்திருப்பவர்கள் யாருக்கு யார் என்று பார்க்க வேண்டாம், என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும்.