காசு சேர்க்கும் வயது

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஜீப் போடிமெட்டை அடையும்போது காது அடைத்துவிடுகிறது. இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குத் தினமும் மலையேறி இறங்குகிறவர்களுக்கு எல்லை என்பது வெறும் சோதனைச் சாவடி. ஆனால் 1949 வரை இது காசின் பெயர் மாறும் இடமாகவும் இருந்தது. கீழே அணாவும் காலணாவும்; மேலே திருவிதாங்கூர் மகாராஜாவின் சக்கரமும் காசும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் அரைச் சக்கரம் கூடுதல். கூலியை எண்ணி வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

அந்தச் சக்கரங்களில் சில இன்னும் பழைய டிரங்குப் பெட்டிகளின் அடியில் கிடக்கக்கூடும். அவற்றை யார், எந்த வயதில் எடுத்துப் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

காசு சேர்ப்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு வயதுகள் அடிபடும். ஒன்று பத்தை ஒட்டியது. மற்றது நாற்பதுக்கு மேல். இடையில் படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். பள்ளி நாட்களில் தீப்பெட்டியில் சேர்த்தது எங்கோ தொலைந்திருக்கும். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு அதே ஆசை ஆல்பமும் பூதக்கண்ணாடியுமாகத் திரும்பி வரும்.

சிறு வயது ஆசையைத் தூண்டுவதில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு. நாணயம் மாறும் போதெல்லாம் ஒரு தலைமுறை சேகரிக்கத் தொடங்குகிறது. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தபோது, 1943 முதல் 1947 வரை அச்சிட்ட ஓட்டைக் காலணா கயிற்றில் கோத்து விளையாடும் பொருளாயிற்று. பின்னர் தாமரை போட்ட மஞ்சள் 20 பைசாவும் அலுமினியத்தில் வந்த 3 பைசாவும் அதே வழியில் போயின. 2011 ஜூன் 30உடன் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவை ஆயின. கடைக்காரர் வாங்க மறுத்த பிறகுதான் பையன் காசை உற்றுப் பார்க்கிறான். செலவழிக்க முடியாத காசில் எழுத்தும் ஆண்டும் உருவமும் மிச்சமிருக்கின்றன.

பெரியவர்களின் ஆசை வேறு. அவர்களுக்கு விலை தெரியும், அதில் ஆபத்தும் உண்டு. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக ஆசை காட்டி, முன்பணமாகக் கட்டணமும் வரியும் கேட்கும் மோசடிகள் பெருகின. தன் பெயரையும் சின்னத்தையும் இதற்குப் பயன்படுத்துவதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பழங்காசு வாங்கவோ விற்கவோ கமிஷன் கேட்டுத் தான் யாரையும் நியமிக்கவில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

ஆனால் நடுவயதில் காசைக் கையிலெடுத்து வரலாற்றையே திருப்பிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். புனேயில் கணிதம் கற்பித்த டி.டி. கோசாம்பி அவர்களில் ஒருவர். 1907இல் பிறந்த அவர், புள்ளியியலைப் பயின்றபோது அதைப் பரீட்சித்துப் பார்க்க ஒரு பொருளைத் தேடினார். கிடைத்தவை முத்திரை குத்திய பழைய வெள்ளிக் காசுகள். அப்போது அவருக்கு வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருந்தது. கைமாறும் காசு தேயும். எவ்வளவு காலம் புழங்கியதோ அவ்வளவு எடை குறையும். இதைச் சோதிக்கத் தன் காலத்துச் சில்லறைகளையே ஆயிரக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். பிறகு பழங்காசுகளின் எடையைக் கொண்டு அவற்றைக் கால வரிசைப்படுத்த முயன்றார். அப்படி அவர் ஆராய்ந்து தனிக் கட்டுரையே எழுதிய புதையல்களில் ஒன்று, போடிமெட்டுக்கு நேர் கீழே உள்ள போடிநாயக்கனூரில் கிடைத்தது. அந்தக் காசுகளின் பின்புறத்தில் உள்ள மீன் போன்ற குறியை வைத்து அவற்றைப் பாண்டியருடன் இணைத்துப் பேசும் அறிஞர்கள் உண்டு.

மதுரைச் சீமைக்குப் பெருமை சேர்த்த இன்னொரு காசையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் குதிரை, தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்ற பெயர். மறுபக்கம் மீன் சின்னம். சங்க காலப் பாண்டியரின் இந்தக் காசை 1980களின் நடுவில் இனங்கண்டு அறிவித்தவர் 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி (1933 - 2021). அப்போது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார். சங்க காலத் தமிழ்க் காசுகள் பற்றிய அவரது ஆங்கில நூல் 1997இல் வெளிவந்தபோது வயது அறுபதுக்கு மேல். பெருவழுதி எனப் பெயர் பொறித்த காசு கிடைக்கும் வரை சங்கப் பாடல்கள் சொல்லும் அரசர்கள் காசு அடித்தார்களா என்பதே விவாதமாக இருந்தது.

இவர்கள் கையில் சேராமல் போன காசுகளுக்குக் கணக்கே இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் கிடைப்பதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் பல புதையல்கள் பட்டறை நெருப்புக்குப் போயின. வெள்ளி வெள்ளியாகவே விற்றது. எங்கே, எதனுடன் கிடைத்தது என்ற தகவல் உருகிப் போயிற்று.

டிரங்குப் பெட்டிச் சக்கரம் புதையல் அல்ல. அதன் சந்தை மதிப்பும் பெரும்பாலும் சொற்பம்தான். ஆனால் அதைக் கூலியாக வாங்கியவர்கள், கொடுத்து அரிசி வாங்கியவர்கள் இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள். 1949இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒரு சக்கரத்துக்கு என்ன கிடைத்தது, மலையிறங்கும்போது அதை எங்கே மாற்றினார்கள் என்பதெல்லாம் அவர்களிடம் மட்டுமே உண்டு. எனவே, போடிமெட்டில் காசு சேர்க்கத் தொடங்க ஏற்ற வயதைப் பேரனின் வயதை வைத்துக் கணக்கிட முடியாது. பாட்டியின் வயதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.