புகையைச் சோதிக்கிறார்கள், ரயரை யார் பார்ப்பது?

ஏ-9 வீதியில் விபத்து நடந்தால் மறுநாள் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வருகின்றது. அதிக வேகம், சாரதியின் நித்திரைக் கலக்கம், குறுக்கே வந்த மாடு. அந்த வாகனத்தின் ரயர் எந்த நிலையில் இருந்தது என்று எழுதப்பட்டதை நான் அரிதாகவே வாசித்திருக்கிறேன்.

ஒரு காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்பார்கள். மொட்டை ரயரோடு போனாலும் பிரதேச செயலகத்தில் ஒருவரும் கேட்கப்போவதில்லை. 2025 தொடக்கத்தில் 'கிளீன் சிறீலங்கா' என்று பேருந்துகளிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றினார்கள். அதே கையோடு ரயரையும் தடவிப் பார்த்திருக்கலாம்.

1990களின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓடிய சனம் நாங்கள். உதிரிப்பாகம் கிடைக்காது. கிழியும்வரை ஓடினோம், கிழிந்தபின் உள்ளே துண்டு வைத்தும் ஓடினோம். அன்றைய குண்டும் குழியுமான வீதியில் வேகமே இல்லாததால் அது தாங்கியது. இன்று வீதிக்குக் காப்பெற் போட்டாயிற்று, பழக்கம் மட்டும் பழையதாகவே இருக்கிறது. 2020இல் ரயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. லீசிங் கட்டுவதா ரயர் மாற்றுவதா என்று யோசிக்கும் குடும்பத்துக்குப் பழைய ரயர்தான் கைக்கெட்டும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் வாங்குமுன் பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் வெயிலில் இறுகி வெடிக்கும். ஐந்து வருடம் கடந்தால் ஆண்டுதோறும் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். பத்து வருடம் கடந்ததை, தவாளிப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், வாங்க வேண்டாம். பக்கச் சுவரில் ஒட்டுப் போட்டதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன் பார்ப்பதே சரி. யப்பான் வாகனங்களில் சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு கிலோபஸ்கலில் இருக்கும். 230 என்றால் அண்ணளவாக 33 பிஎஸ்ஐ. காற்றுக் குறைந்த ரயர் நெளிந்து நெளிந்து சூடேறுகின்றது, வெடிப்பது பெரும்பாலும் அதனால்தான். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுப் போதாது, நடு தேய்ந்திருந்தால் கூடிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் எலைன்மென்ற் பார்க்க வேண்டும்.

தவாளிப்பின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது பல நாடுகளின் சட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஆழம்கூடப் போதாது. தண்ணீர் வெளியேற வழியின்றி வாகனம் மிதக்கும். இரண்டு ரயருக்குத்தான் காசிருக்கிறதென்றால் புதியவற்றைப் பின்னுக்குப் போடுங்கள். முன்னுக்குத்தான் போடவேண்டும் என்று பலர் சொல்வார்கள். பின் சக்கரம் வழுக்கினால் ஸ்ரேறிங்கால் ஒன்றும் செய்ய முடியாது.

வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாண சபைக்குப் போகும் பணம். புகை சோதிக்கும் இடத்திலேயே ஓர் ஆழமானியை வைத்து நான்கு ரயரையும் அளக்க ஐந்து நிமிடம்கூட எடுக்காது. வட மாகாணத்திலாவது அதைத் தொடங்கலாம்.