‘சும்மா ஃப்ரெண்ட்ஸ்தான்’

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து ஓர் ஆணும் பெண்ணும் நாலு நாள் சேர்ந்து டீ குடித்தால் போதும். “எப்போ கல்யாணம்?” என்பார்கள். இல்லை என்றால், “அப்போ அண்ணன் தங்கச்சியா?” இரண்டும் இல்லை என்றால் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் “சும்மா ஃப்ரெண்ட்ஸ்தான்” என்கிறோம். எனக்குச் சண்டை அந்தச் ‘சும்மா’வோடு.

உடல் சேராத அன்பை, காதலில் எதையோ கழித்தபின் கிடைக்கும் மீதி மாதிரிப் பேசுகிறோம். கேட்டால் தமிழ்ப் பண்பாடாம். எந்தத் தமிழ்?

குறளில் நட்பைப் பற்றியே வரிசையாக 5 அதிகாரங்கள், 50 குறள்கள். அது ஆண்களுக்குள் என்பீர்கள். சரி, ஔவையும் அதியமானும்? சாவைத் தள்ளிப்போடும் நெல்லிக்கனியை, அதன் அருமையைச் சொல்லாமலே அவளுக்குத் தந்தான். அவனுக்காக அவள் நம் தொண்டை நாட்டு மன்னனிடம் தூது போனாள். அவன் போரில் விழுந்தபோது பாடிய கையறுநிலையில் (புறநானூறு 235), மணக்கும் கையால் தன் தலையை அவன் வருடியதையும் கூச்சமில்லாமல் சொல்லி அழுகிறாள். தொடுதல் உண்டு. ஆனால் அது காதலியின் அழுகை இல்லை. தங்கையின் அழுகையும் இல்லை.

இந்த ஔவை கிழவியும் இல்லை. 89ஆம் பாட்டில் பகைவேந்தன் அவளை மை தீட்டிய கண்ணும் ஒளிவீசும் நெற்றியும் உடைய விறலி என்றே அழைக்கிறான். நாம் என்ன செய்தோம்? பல நூற்றாண்டு பிந்திய ஆத்திசூடி ஔவையோடு அவளைக் குழப்பி, பிள்ளையாரிடம் முதுமையை வரம் கேட்டாள் என்று கதை கட்டி, கையில் கோலும் கொடுத்துவிட்டோம். 1953இல் வந்த ‘ஔவையார்’ படம் அந்த உருவத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. இளமையைப் பிடுங்கிய பிறகுதான் ஒரு பெண்ணுக்கு ஆண் நண்பனை அனுமதிக்க நமக்கு மனசு வந்திருக்கிறது.

“நட்புன்னு சொல்லி ஏமாத்துறவன் இல்லையா?” இருக்கிறான். காதல் என்று சொல்லி ஏமாற்றுகிறவனும்தான் இருக்கிறான். அதற்காகக் காதலே பொய் என்றா சொல்கிறோம்?

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு, ராத்திரி ஷிஃப்ட்டில் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒருவன் இருப்பது பெரிய பலம். அதைப் பற்றி ஒரு பேச்சு ஊருக்குப் போனால், வேலையை விட்டு நிறுத்தப்படுவது அவள்தான். அவனுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பயத்தில் எத்தனையோ பேர் பாதி வழியிலேயே பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆகவே இனி யாராவது கேட்டால், “நண்பர்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். முன்னால் ‘சும்மா’ வேண்டாம்.