தோலுக்குத் தீட்டு உண்டா?

மலையகத் தோட்டங்களில் தப்பொலி இல்லாமல் நடந்த சடங்கு எது? அக்காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு ஆள் திரட்டியது தப்பு. மாசியில் காமன் கூத்துக்கு ஊரைக் கூட்டுவதும் தப்பு. இறந்தவரை இடுகாட்டுக்கு வழியனுப்புவதும் தப்பு. அப்புத்தளை முதல் பதுளை வரை, நம் மக்களின் இன்ப துன்பங்களில் எல்லாம் பங்குகொண்ட கருவி அது. ஆனால் அதனை அடித்தவனை நாம் எங்கே நிறுத்தினோம்? திருவிழாவுக்கு அவன் கை வேண்டும். பந்தியில் அவன் வேண்டாம்! இந்த அநீதியை மூடிவைத்துவிட்டுத் தோற்பொருளின் அறத்தைப் பேசுவது வெறும் பாசாங்கு.

தப்பு என்பது என்ன? மரத்துண்டுகளை வளைத்து இணைத்த வட்டச் சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்த கன்றின் தோல் அல்லது ஆட்டின் தோல். அடிக்குமுன் அனலில் காய்ச்சும் பக்குவம். இதில் இழிவு எங்கே ஒளிந்திருக்கிறது? தோலில் என்றால், மிருதங்கத்துக்கு மட்டும் விலக்கு ஏன்? பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் அதற்கு வேண்டும். வாசிப்பவருக்குச் சபையில் மாலை விழும். தோலைத் தேர்ந்து, பதமாக்கி, கட்டித் தந்தவரின் பெயரோ பலர் அறியாதது. அந்தக் கைவினைஞர்களைப் பற்றி 2020-இல் ரி. எம். கிருஷ்ணா ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. ஆக, தீட்டு தோலில் இல்லை. நம் மனத்திலேதான் இருக்கிறது.

மனிதனுக்கு இழைத்த தீங்கு இது. மண்ணுக்கு இழைத்த தீங்கை உழவர் பெருமக்கள் கவனிக்க வேண்டும். முன்னாளில் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளால் வாரக்கணக்கில் தோலைப் பதனிட்டார்கள். பின்னர் குரோமிய உப்பு வந்தது, வேலை விரைந்தது, கழிவும் பெருகியது. தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பாலாறு அதற்குச் சாட்சி. தோற்பதனீட்டு வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேயர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதென்று, இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் அளித்த தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றும் அது விதித்தது. தீர்ப்பு வந்தது, துயர் தீர்ந்ததா? 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர் சேற்றில் மாண்டனர். பளபளக்கும் சப்பாத்தின் விலையில் இந்த உயிர்கள் எந்தக் கணக்கில் எழுதப்பட்டன?

அப்படியானால் தோலையே துறந்துவிடலாமா என்று சிலர் கேட்பர். இறைச்சிக்காக அறுத்த விலங்கின் தோலைக் குழியில் எறிவது அந்த உயிருக்குச் செய்யும் மரியாதையன்று. தோல்போல் நடிக்கும் பிளாஸ்டிக்கும் குற்றமற்றதன்று. அது எளிதில் மக்காது. வேண்டியது துறவன்று, பொறுப்பு. வாங்குமுன் மூன்று கேள்விகள் போதும்: இத்தோலுக்காகவே ஓர் உயிர் கொல்லப்பட்டதா? பதனிட்டவன் கைக்கும் நுரையீரலுக்கும் பாதுகாப்பு இருந்ததா? கழிவுநீர் யாருடைய கிணற்றில் சேர்ந்தது? விடை கூறாத வணிகனிடம் வாங்காதிருப்போம். வாங்கிய பொருளைத் தைத்தும் செப்பனிட்டும் நெடுநாள் வைத்திருப்போம். மலைமுகட்டில் வாழும் அப்புத்தளை மக்களுக்கு இதை விளக்க வேண்டுமா? மேட்டில் ஊற்றியது பள்ளத்து வயலுக்குத்தான் போகும்.

இனித் தப்புக்கு வருவோம். "அடிமைச் சின்னம் இது, தொடமாட்டோம்" என்று கூறும் இளைஞரின் சினம் நியாயமானதே. பிறப்பைக் காட்டி ஒருவன் தோளில் கருவியை மாட்டுவது அடிமைத்தனம். விரும்பியவன் பயின்று அடிப்பது கலை. முன்னதை ஒழிப்போம், பின்னதைக் காப்போம். தோட்டக் கோயில் குழுக்கள் இவ்வாண்டே தீர்மானிக்கட்டும்: அடிப்பவருக்குப் பேசிய கூலி, பந்தியில் சம இடம், கற்க வரும் எந்தப் பிள்ளைக்கும் பயிற்சி. ஆசிரியர்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் தம் பிள்ளைகளையே முதலில் அனுப்பட்டும்.

அந்தப் பிள்ளைகளின் கையில் தப்பு முழங்கும் நாளில்தான், தோலின்மேல் நாம் ஏற்றிய தீட்டு கழியும்.