குற்றவாளிக் கூண்டின் அருகில் நின்றவர்

"ஒரு குற்றவாளிக்காக வாதாட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?" குற்றம் சாட்டப்பட்டோருக்காக வழக்காடும் எவரும் இக்கேள்விக்குத் தப்புவதில்லை. சிறைகளுக்குச் சென்று கைதிகளைச் சந்தித்து வரும் நம்மிடமும் சிலர் இதைச் சற்று மாற்றிக் கேட்பதுண்டு. 2022ம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்க ஐக்கிய நாட்டின் செனட் அவைக் குழு முன்பு இதே கேள்வி வேறு சொற்களில் எழுந்தது. பதில் சொல்ல அமர்ந்திருந்தவர், கேட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன்.

அரசுத்தலைவராயிருந்த ஜோ பைடன், அவ்வாண்டு பிப்ரவரி 25ம் தேதி இவரை உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழிந்தார். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். நீதிபதி ஸ்டீபன் பிரையரிடம் உதவியாளராகப் பணியாற்றியவர். பெரிய நிறுவனங்களில் கைநிறையச் சம்பாதித்திருக்கலாம். ஆனால், 2005 முதல் 2007 வரை, வழக்கறிஞர் வைக்க வசதியற்ற கைதிகளுக்காக, அரசு ஊதியத்தில் வாதாடும் அலுவலகத்தில் பணியாற்றினார். குவாந்தனாமோ முகாமில் அடைக்கப்பட்டிருந்தோரின் வழக்குகளும் அப்போது அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. செனட் குழுவில் சிலர் குறையாகச் சுட்டிக்காட்டியது இதைத்தான்.

இப்படியோர் அலுவலகம் அந்நாட்டில் ஏன் தேவைப்பட்டது? 1961ம் ஆண்டு, ஃபுளோரிடா மாநிலத்தில், பில்லியர்ட்ஸ் மேசைகள் இருந்த ஒரு கூடத்தில் புகுந்து திருடியதாகக் கைதானார் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை. தனக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குக்கு மட்டுமே தர முடியும் என்றார் நீதிபதி. தானே வாதாடித் தோற்று, ஐந்து ஆண்டு தண்டனை பெற்றார். சிறையிலிருந்தபடியே, பென்சிலால் உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு மனு எழுதினார். 1963ம் ஆண்டு மார்ச் 18 அன்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக, கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு வழக்கறிஞரைத் தருவது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தனர். மறுவிசாரணையில் ஒரு வழக்கறிஞர் அவருக்காக வாதாடினார். கிடியன் விடுதலையானார். அதே மனிதர், அதே வழக்கு. மாறியது ஒன்றுதான்: அருகில் ஒருவர் நின்றார்.

அன்பர்களே, அமெரிக்க நீதிபதிகளில், முன்பு குற்றம் சாட்டும் தரப்பில் பணியாற்றியோர் மிகப் பலர். ஏழைக் கைதிகளுக்காக வாதாடியோர் மிகச் சிலர். தராசின் ஒரு தட்டை மட்டுமே கையாண்டு பழகியவர்களால் அதைச் சமமாகப் பிடிக்க முடியுமா? தன் கட்சிக்காரர்களில் பலருக்கு, தங்கள் வழக்கில் என்ன நடக்கிறது என்பதே புரியவில்லை என்பதைக் கவனித்ததாக ஜாக்சன் கூறியிருக்கிறார். எனவே, 2013ல் மாவட்ட நீதிபதியான பிறகு, தன்முன் நின்றவர்களிடம் ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்வதில் கூடுதல் அக்கறை காட்டினார். தண்டனை கொடுப்பது ஒன்று. தண்டிக்கப்படுபவரை மனிதராக மதித்துப் பேசுவது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே நீதி.

பாதிக்கப்பட்டோரின் கண்ணீரை யார் துடைப்பது என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், தவறான ஆளைச் சிறைக்கு அனுப்பினால், அக்கண்ணீர் துடைக்கப்படுவதில்லை. இன்னொரு வீட்டிலும் கண்ணீர் தொடங்குகிறது. உண்மைக் குற்றவாளியோ வெளியில் நடமாடுகிறார். எதிர்வாதம் என்னும் நெருப்பில் புடமிடப்பட்ட தீர்ப்பே, பாதிக்கப்பட்டவருக்கும் உறுதியான தீர்ப்பு.

2022ம் ஆண்டு ஏப்ரல் 7ம் தேதி, 53க்கு 47 என்ற வாக்குகளில் ஜாக்சன் ஏற்கப்பட்டார். ஜூன் 30 அன்று பதவியேற்றார். அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி அவர். அரசு ஊதியத்தில் ஏழைக் கைதிகளுக்காக வாதாடிய ஒருவர் அங்கு அமர்ந்ததும் அதுவே முதன்முறை.

செய்தித்தாளில் 'கைது' என்ற சொல்லைப் பார்த்ததுமே நம் மனதில் தீர்ப்பு எழுதிவிடுகிறோமே, அந்தச் சின்ன நீதிமன்றத்தில், எதிர்த்தரப்புக்குப் பேச நாம் யாரை அனுமதிக்கிறோம்? சிந்திப்போம்.