உப்புக் காற்றையும் கணக்கில் எடுங்கள்

திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயிலில் 2017 டிசம்பர் 14 அன்று கிரிப் பிரகார மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து பெண் பக்தர் ஒருவர் உயிரிழந்தார். இன்று அதே கடற்கரையில் ரூ.300 கோடி பெருந்திட்டத்தில் புதிய கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. 2025 ஜூலை 7-ல் குடமுழுக்கும் நடந்தேறியது. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் 2024-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தனை கான்கிரீட்டைக் கடலோரத்தில் கொட்டும்போது, அது இன்று எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்தால் மட்டும் போதாது. இருபது, நாற்பது ஆண்டுகளில் உப்பு அதை என்ன செய்யும் என்பதையும் கணினியில் கணித்தாக வேண்டும். அந்தக் கணிப்பை மக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும்.

நம் கட்டுமானப் பணிகளில் வழக்கமான சோதனை, 15 செ.மீ. கான்கிரீட் கட்டியை 28-ஆம் நாள் இயந்திரத்தில் வைத்து நொறுக்கிப் பார்ப்பது. அது அன்றைய வலிமையைச் சொல்லும். ஆனால் கடலோரக் கட்டடத்தின் ஆயுள் வேறிடத்தில் தீர்மானமாகிறது. சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றிலும் சாரலிலும் வரும் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஊறிப்போய் அந்தப் படலத்தை உடைக்கிறது. கம்பி துருப்பிடித்தால் இரும்பைவிடத் துரு அதிக இடம் கேட்கும். உள்ளிருந்தே கான்கிரீட் பிளந்து காரை பெயரும். இதில் ஒரு கணக்கு மிக முக்கியம். கம்பிக்கு மேல் விடும் கான்கிரீட் கனமான 'கவர்' இரு மடங்கானால், உப்பு கம்பியைச் சேரும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். 25 மில்லிமீட்டருக்கும் 50 மில்லிமீட்டருக்கும் இடையே உள்ளது ஒரு தலைமுறையின் பாதுகாப்பு. கம்பி கட்டும் இடத்தில் அந்தக் கனத்தைக் காக்க வைக்கும் கவர் பிளாக் நழுவிக் கிடந்தால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே பறிபோகிறது, 28-ஆம் நாள் சோதனையில் அது தெரியவும் செய்யாது.

அந்தச் சோதனையில் தெரியாததைக் கணினியில் கணிக்கலாம். பொருள்களின் உள்ளே நடப்பதை அப்படி நடத்திப் பார்க்கும் முறைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரகுமான். 1964-ல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில், 864 அணுக்கள் கொண்ட திரவ ஆர்கானை அவர் கணினியில் அசைய விட்டார். அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற நிலைப்பண்பும், அவை எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்ற இயக்கப்பண்பும் ஒரே கணக்கிலிருந்து கிடைத்தன. பின்னாளில் சிமென்ட் இறுகும்போது உருவாகும் பிசினின் மூலக்கூறு அமைப்பையும் ஆய்வாளர்கள் இப்படி வடித்தார்கள். அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்தால் நுண்துளைகள் இறுகி, குளோரைடு ஊறும் வேகம் குறைவது தெரிந்த விஷயம். தூத்துக்குடியிலேயே சாம்பல் இருக்கிறது. எவ்வளவு சேர்க்கலாம், எத்தனை ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்பதைக் கட்டும் முன்பே கணித்துப் பார்க்கலாம்.

"கணினி இல்லாமலே கோயில் நிற்கவில்லையா?" என்று கேட்பார்கள். திருச்செந்தூரே அதற்குப் பதில் சொல்கிறது. மணற்கல்லால் ஆன பழைய கட்டுமானம் உப்புக் காற்றில் அரிக்கப்பட்டுச் சிதைந்ததால்தான், துறவியர் பலர் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டுக் கருங்கல்லில் அதைத் திரும்பக் கட்டினார்கள். 1941-ல் குடமுழுக்கு நடந்தது. எந்தக் கல் தாங்கும் என்று தெரிந்துகொள்ள அன்று காலம்தான் ஒரே சோதனைச்சாலை. இன்னொரு ஆட்சேபம் கனமானது: தவறான எண்ணைக் கொடுத்தால் கணினியும் தவறான விடையைத்தான் தரும். உண்மை. வேறெங்கோ அளந்த எண்களைத் திருச்செந்தூருக்குப் பொருத்துவது ஆபத்து. அதனால்தான் இங்குள்ள பழைய கட்டடங்களை இடிக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் துளையிட்டுத் துண்டெடுத்து, எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்று அளந்து, கணிப்பை அதோடு ஒப்பிட வேண்டும். செலவைக் காட்டி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மூலக்கூறு அளவிலான ஆய்வுக்கு மீக்கணினி வேண்டும். ஒரு மண்டபத்துக்கான உப்பு ஊடுருவல் கணக்குக்குச் சாதாரண மேசைக் கணினி போதும். தரமணியில் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது; சென்னை ஐஐடியும் இருக்கிறது. ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது.

இந்து சமய அறநிலையத் துறையும் பொதுப்பணித் துறையும் கடலோரப் பணிகளின் ஒப்பந்தப் புள்ளியிலேயே இந்தக் கணிப்பை நிபந்தனையாகச் சேர்க்கட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உப்பின் அளவைச் சோதித்து, முடிவைக் கட்டடத்தின் முகப்பிலேயே எழுதி வைக்கட்டும். அந்தக் கூரையின் கீழ் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு.